ஏழாவது ஆள்

என் இடது கண்ணுக்குப் பார்வை இல்லை. சுவிஸில், பேர்ண் பக்கத்தில் ஒரு மைதானத்தில், தமிழ்க் கால்பந்துக் கழகங்களின் கோடைச் சுற்றுப்போட்டி இறுதியாட்டத்தில் போனது. எதிரணிக்காரன் ஒருவன் கொத்துரொட்டிக் கூடாரத்தின் இரும்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடித்தான். யார் என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நீதிமன்றம் தண்டம் போட்டது, கட்டினான். இப்போது எங்கள் நகரத்தில், ஓர்லிகோனில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். முருங்கைக்காய் அவனிடம்தான் வாங்குகிறேன். மற்றக் கடைகளில் வாடிக் கிடக்கும்.

கண் போனதில் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஆட்டத்தை நாங்கள் வென்றோம். அந்த ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருடமும் கோபத்தை அடக்கி வைத்திருந்தேன். போன வசந்தத்தில், அந்த வெற்றியை எண்ணக்கூடாது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அது எண்ணப்படாவிட்டால் என் கண் சும்மா போன கண். எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். எங்கள் கழகம் தன் சுற்றுப்போட்டிக் கிண்ணத்துக்கு ஒரு பயிற்சியாளரின் பெயரை வைக்கத் தீர்மானித்தது. கழக வரலாற்றில் ஆகக் கூடுதலான ஆட்டங்களை வென்றவர் யாரோ அவர் பெயர். செத்த பிறகு மாலை போடுவதைவிட உயிரோடு இருக்கும்போது செய்வது நல்லது என்று தலைவர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எப்படி எண்ணுவது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இங்கே ஓய்வு பெறும்வரை ட்ராம் கழுவினார். மற்றவன் இங்கேயே பிறந்தவன். காப்புறுதிக் கம்பெனியில் வேலை, முறைப்படி படித்து எடுத்த பயிற்சியாளர் டிப்ளோம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் அவனுக்குப் பின்னால் ஓடும். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, இன்றைக்கு மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பான். அதைப் பார்த்தால் எனக்குப் பல்லைக் கடிக்க வரும்.

மாஸ்டர் மனத்தைக் கேட்டதில்லை. மாஸ்டர் அடிப்பார். பந்தைப் பிழையாகக் கொடுத்தால் கணைக்காலில் உதை விழும். பனி கொட்டுகிற நாளில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு ஓடவைப்பார். ஒருமுறை ஒருவன் உணவகத்தில் வேலை முடித்துப் பிந்தி வந்தான். மாஸ்டர் தன் விசிலை அவன் வாய்க்குள் திணித்து, மூக்கைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஊதடா என்றார். அவன் முகம் நீலமாகும்வரை விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் சிரித்தோம். அவனும் பிறகு சிரித்தான்.

ஏன் போனீர்கள் என்று என் மகள் கேட்டிருக்கிறாள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மாஸ்டர் கூப்பிட்டார். கெட்ட வார்த்தையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கு இது விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இல்லை.

கூட்டம் ஓர்லிகோனில் ஒரு தேவாலய மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம் நடந்தது. மண்டபத்துப் பொறுப்பாளர் ஒரு சுவிஸ் கிழவர். ஆறு மணிக்குள் கூட்டித் துடைத்துக் கதவைப் பூட்டித் திறப்பைத் தரவேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாஸ்டருக்கு ஊன்றுகோல் வேண்டும். அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். வெள்ளைச் சேட் போட்டு, மேல் பொத்தான்வரை பூட்டி, கிண்ணத்தை வாங்குகிறவர் மாதிரி இருந்தார்.

முதலில் இளம் பயிற்சியாளரின் ஆட்கள் எழும்பினார்கள். சுவிஸ் கால்பந்துச் சங்கப் பட்டியலில் உள்ள ஆட்டங்களைத்தான் எண்ண வேண்டும், தமிழ்ச் சுற்றுப்போட்டி எல்லாம் ஒஃபிசியெல் இல்லை என்றார்கள். அப்படிப் பார்த்தால் மாஸ்டர் வாழ்க்கையில் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கதிரையைத் தூக்கிவிட்டார். அவரை இருத்தினோம். பிறகு எங்கள் ஆள் ஒருவர் திருப்பிக் கேட்டார்: உங்கட ஆள் பழக்கிறது சின்னப் பிள்ளையள், அந்த வயசுக்குச் சங்கம் புள்ளிப் பட்டியலே போடுறேல்லை, கோலை ஆர் எண்ணினது? பிள்ளைகளே எண்ணி வந்து சொல்வார்கள் என்றான் அந்தப் பயிற்சியாளப் பொடியன். மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பெனால்டித் தண்ட உதையில் வென்றதை வெற்றி என்பதா, சமநிலை என்பதா? எதிரணி வராமல் கிடைத்ததை எண்ணுவதா? இதற்குள் இன்னொரு சிக்கல். ஒருகாலத்தில் எங்களுக்குப் பரம எதிரியாக இருந்த கழகம் இப்போது எங்களோடு சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் சுவிஸ் கழகங்களுக்குப் போய்விட்டதால் இரண்டு பக்கத்திலும் பதினொரு பேர் தேறவில்லை. அதனால் ஒன்றாகினோம். அப்படியென்றால் அந்தக் காலத்தில் நாங்கள் அவர்களை அடித்தது இன்றைய கழகத்துக்கு வெற்றியா தோல்வியா? ஒருவர் இரண்டும் என்றார். இன்னொருவர் அவரைப் பார்த்து, உம்மட கலியாணம் மாதிரியோ என்று கேட்டார்.

மாஸ்டரின் ஊர் வெற்றிகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னபோது சிரிப்பு நின்றது. பள்ளிக்கூட அணிகளோடு ஆடியவை. தலைவர் தயங்கித் தயங்கி, அதற்கு யார் சாட்சி என்று கேட்டார்.

"அந்த டீமுகளிலை பாதிப்பேர் செத்துப்போச்சினம்," என்றார் பெரியவர். "செத்தவனை வெண்டதும் வெண்டதுதானே?"

ஊர் ஆட்டங்களை விட்டுவிட்டோம்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தமிழ்ச் சுற்றுப்போட்டி ஆட்டங்களை எண்ணலாம், ஆனால் சுற்றுப்போட்டி விதிப்படி முடிந்தவற்றை மட்டும். பிள்ளைகளின் ஆட்டங்களில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டவற்றை எண்ணலாம். எண்ணிப் பார்த்தால் இருவரும் முட்டி நின்றார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். என்னுடைய ஆட்டம்.

அந்த விதியைச் சொல்லவேண்டும். வேறெங்கும் இப்படி ஒரு விதி இருக்காது. எங்கள் சுற்றுப்போட்டிகளில் அடிபாடு இல்லாத வருடம் குறைவு. அதனால் அடிபாட்டுக்கும் விதி எழுதி வைத்திருந்தோம். ஆட்டம் அடிபாட்டில் நின்றால் நடுவர் கால் மணித்தியாலம் கொடுப்பார். அது முடியும்போது எந்த அணியின் ஏழு பேர் கோட்டுக்குள் நிற்கிறார்களோ அந்த அணிக்கு வெற்றி. ஏழுக்குக் குறைந்தால் தோல்வி. முன்பொருமுறை ஒரு கழகம் மயங்கிக் கிடந்த கோலியைக் கோல் கம்பத்தில் சாய்த்துவைத்து ஏழாவது ஆளாகக் காட்டியது. அதற்குப் பிறகு 'சொந்தக் காலில் நிற்கவேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். விழுந்து கிடப்பவனை எப்படி எண்ணுவது என்று யோசித்தவர்களுக்கு, அவனை எப்படி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்ற யோசனை வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்த வரிக்கு நானும் கை உயர்த்தினேன்.

இறுதியாட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் அவர்களுடைய முன்வரிசைக்காரனின் காலைப் பார்த்தே மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு பந்து எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாகனங்களுக்கு ஓடினார்கள். ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்தபடி விடாமல் நின்றான். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் அமைதி, அமைதி என்று கத்திக்கொண்டு, இடையில் கறுப்பு வாகனம் ஒன்று வழியை மறித்து நிற்கிறது, எடுங்கள் என்றும் சொன்னார். நான் இரண்டு பேரை அடித்தேன். நன்றாகவே அடித்தேன். மூன்றாவதாகத் திரும்பியபோது குழாய் முகத்தில் இறங்கியது.

வலி உடனே வரவில்லை. முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது மாதிரி இருந்தது, வாயில் இரும்பு ருசி. பிறகு நடுவர் விசில் ஊதினார். எங்களில் நாலு பேருக்குச் சிவப்பு அட்டை. எதிரணி கோபித்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விட்டது. கால் மணித்தியாலத்துக்குள் அவர்கள் திரும்பாவிட்டால், எங்கள் ஏழு பேரும் நின்றால், கிண்ணம் எங்களுக்கு. ஏழாவது ஆள் நான்.

மாஸ்டர் தண்ணீர்ப் போத்தலோடு உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார். "நில்லு," என்றார். "விழுந்தா தோல்வி." ஒரு கையால் என் தலையில் தண்ணீர் ஊற்றினார். மற்றக் கை என் பிடரிக்குக் கீழே இருந்தது. அந்தக் கையை நான் மறக்கவில்லை. எத்தனையோ வருடம் உதைத்த மனுசன் அன்றைக்கு முதுகில் கை வைத்தார். அந்தக் கைக்காகத்தான் நின்றேன் என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நடுவர் கடைசி விசிலை ஊதியது கேட்டது. பிறகு ஒன்றும் தெரியாது.

ஏன் உடனே வரவில்லை என்று கண் டாக்டர் கேட்டார். ஆட்டம் முடியவில்லை என்றேன். அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, சரியாகத்தான் சொல்கிறீரா என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார். உடனே வந்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மண்டபத்தில் அந்த ஆட்டத்தின் பேச்சு வந்ததும் நான் எழும்பினேன். பேச எனக்கு வராது. இந்தக் கண்ணைப் பாருங்கோ, இதுதான் கோல் என்று மட்டும் சொன்னேன். பின்னால் ஒருவன், அடிபாட்டில் வென்றதுக்குப் பெயர் கால்பந்து இல்லை என்று முணுமுணுத்தான். கையில் இருந்த தேநீர்க் கிளாஸைச் சுவரில் எறிந்தேன். அவனுக்கு எறிந்ததுதான். ஒரு கண்ணால் தூரம் பிடிபடாது.

இளம் பயிற்சியாளன் எழும்பினான். பொடியன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. விதியிலை சொந்தக் கால் எண்டு இருக்கு. நீங்கள் அலைன் நிண்டீங்களோ? தனிய?"

"நிண்டனான்."

"அப்ப ஓக்கே. அப்ப அது வெற்றி."

அவன் இருந்துவிட்டான். முடிந்தது என்று நினைத்தேன். மாஸ்டர் ஊன்றுகோலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மரக்கறிக் கடைக்காரன் கையை உயர்த்தினான். என்னை அடித்தவன். கழகங்கள் சேர்ந்த பிறகு அவனும் எங்கள் உறுப்பினன்.

"அண்ணை நிக்கேல்லை," என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தலைவரைப் பார்த்துக் கதைத்தான்.

"அடிச்சது நான். எனக்குத் தெரியும். நான் கார் நிப்பாட்டின இடத்திலை நிண்டு இவரையே பாத்துக்கொண்டு நிண்டனான். இந்தாள் செத்தா நானெல்லோ கொலைக்கேசிலை மறியலுக்குப் போகவேணும். கண்ணெடுக்காமல் பாத்தனான். மாஸ்டர் பின்னாலை சேட்டைச் சுருட்டிப் பிடிச்சு வைச்சிருந்தவர். முழங்காலாலை முண்டு குடுத்தவர். இவரின்ரை கால் நிலத்திலை இழுபட்டது." பிறகுதான் என் பக்கம் திரும்பினான். "நீங்கள் தொங்கினீங்கள் அண்ணை."

நான் அவனுக்குத் தூஷணத்தால் பேசினேன். தோற்றதுக்கு இப்போது பழி வாங்குகிறாயா என்று கேட்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் நம்பாமல் இருந்திருக்கலாம். மாஸ்டரைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கோ மாஸ்டர் என்றேன்.

மாஸ்டர் விரலால் தட்டுவதை நிறுத்தினார்.

"பிடிச்சனான்தான். பிடிக்காட்டி விழுந்திருப்பான்."

"முதுகிலை கை வைச்சது?"

"என்ன முதுகு? சேட்டைப் பிடிச்சனான். நீ அப்பவே மயங்கிப்போட்டாய், உனக்கு ஒண்டும் தெரியாது." பிறகு தலைவரிடம் சொன்னார்: "பிடிச்சு வெண்டதும் வெண்டதுதான். எண்ணுங்கோ."

வெட்கம் இல்லை. பயிற்சியில் ஆள் மாற்றுகிறபோது சொல்வாரே, அதே குரல்.

நான் அவருக்குப் பின்னால் போனேன். அவரது சேட்டைப் பிடரிக்குக் கீழே சுருட்டிப் பிடித்து மேலே தூக்கினேன். மேல் பொத்தான் தெறித்தது. ஊன்றுகோல் விழுந்தது. கழுத்துப் பட்டி தொண்டையை இறுக்க அவர் ஒரு சத்தம் போட்டார். கிழவர் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார், ஆனால் நிற்கமுடியாதவனின் பாரம் வேறு பாரம். நோவெண்ணெய் மணத்தது. சத்திரசிகிச்சை செய்த கால் மடிந்து மடிந்து போக, நான் முழங்காலால் முண்டு கொடுத்தேன்.

"பாருங்கோ," என்றேன். "இவர் நிக்கிறாரோ? எண்ணுவியளோ?"

ஒருவர் என் தோளைப் பிடிக்க வந்தார், கதிரையை அவர் காலில் உதைத்துத் தள்ளினேன். கடைக்காரன் வந்து என் கையை விரிக்கப் பார்த்தான். முழங்கையால் அவன் வாயில் இடித்தேன். உதடு வெடித்து என் கையெல்லாம் இரத்தம். அவன் திருப்பி அடிக்கவில்லை, கையை விடவும் இல்லை. இளம் பயிற்சியாளன் முன்னால் வந்து மாஸ்டரின் இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்து அவரது பாரத்தை வாங்கிக்கொண்டான்.

"விடுங்கோ அங்கிள். நான் பிடிச்சிருக்கிறன்."

விட்டேன். மாஸ்டர் கதிரையில் இருந்து இருமினார். கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதை அவர் தடவவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. மண்டபத்தை ஒப்படைக்க நேரமாகிறது, வாக்கெடுப்போம் என்றார். அந்த ஆட்டத்தை எண்ணவேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். எங்கள் பக்கத்துப் பழையவர்கள் சிலர் உயர்த்தினார்கள், என்னைப் பார்த்துவிட்டுச் சிலர் இறக்கினார்கள். நான் உயர்த்தவில்லை. மாஸ்டர் உயர்த்தினார். பொத்தான் இல்லாத சேட்டோடு, மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருக்க, கையை நேராக உயர்த்தி, தலைவர் எண்ணி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். எந்தக் கை என்று பார்த்தேன். அன்றைக்கு என்னைப் பிடித்த அந்தக் கைதான்.

போதவில்லை. ஆட்டம் எண்ணப்படவில்லை. இருவரும் சமமாக நின்றார்கள். தன் பெயர் வேண்டாம் என்று இளம் பயிற்சியாளன் சொல்லிவிட்டான். கிண்ணம் இப்போதும் பெயரில்லாமல் தலைவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

உடைந்த கிளாஸ் ஓடுகளை நான்தான் கூட்டினேன். கடைக்காரன் உதட்டில் பேப்பர் துண்டை அழுத்திக்கொண்டு கதிரைகளை அடுக்கினான். வாசலில் அந்தச் சுவிஸ் கிழவர் சுவரில் இருந்த தேநீர்க் கறையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். திறப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த முறைக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

மாஸ்டரும் நானும் ஒரே ட்ராம். வேறு வழியில்லை, எங்கள் வீடுகள் ஒரே திசையில். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இளம் பயிற்சியாளன் கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றிருக்கிறார். தரிப்பிடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ட்ராம் வந்தது, ஏறினோம். அவர் முன் வாசலால், நான் பின் வாசலால். ஞாயிறு பின்னேரம், உள்ளே ஆட்கள் குறைவு. இருக்கைகள் காலியாகக் கிடந்தன. நான் ஒன்றில் இருந்தேன்.

அவர் இருக்கவில்லை. ஒரு பெண் எழும்பி இடம் கொடுத்தாள், தலையை ஆட்டி மறுத்தார். வளைவுகளில் முழங்கால் விட்டுக்கொடுத்தது. ஊன்றுகோல் வழுக்கியது. முகம் வெளுத்து வேர்த்திருந்தது, இருந்தாலும் தன் தரிப்பிடம் வரும்வரை நின்றார். இறங்குவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்த்தேனா என்று பார்த்தார்.

பார்த்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அதை நான் எண்ணமாட்டேன்.